முட்டுக்காட்டில் நிற்காத வேன்

“டூர் எப்படி இருந்தது? முட்டுக்காட்டில் படகு சவாரி போனீர்களா?”

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. படப்பை கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்வி. நான் சிரித்து மழுப்பிவிட்டு நடையைக் கட்டுகிறேன். கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்பே பால்காரர் முதல் பல் டாக்டர் வரை தம்பட்டம் அடித்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். ஊருக்குப் போவதைவிட, போவதற்குத் திட்டம் போடுவதில்தான் எனக்கு ருசி அதிகம். மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு... “ராக்கெட் விடுறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்” என்பார் என் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும். ராக்கெட்டில் போகிறவன் வழியில் இளநீர் குடிக்க இறங்கப் போகிறானா என்ன?

ஆனால் இந்தத் தடவை திட்டம் எனக்காக இல்லை. எங்கள் மொட்டை மாடி அறையில் குடியிருக்கிற முருகேசனுக்கும் பேச்சியம்மாளுக்கும்.

இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கம். தையில் கல்யாணம், மாசியில் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். அவனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. லைன் நின்ற பிறகுதானே மெஷினைப் பிரித்துப் பார்க்க முடியும்? அதனால் அவனுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட். அவளுக்கு மறைமலை நகரில், கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. எப்போதும் காலை ஷிஃப்ட். அவன் வந்து சேர்வதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். அவள் திரும்புவதற்குள் அவன் தூங்கி எழுந்து, குளித்து, டீ போட்டு வைத்திருப்பான். சாயந்திரம் கொஞ்ச நேரம் மாடியில் பேச்சும் சிரிப்பும் கேட்கும். அப்புறம் அவன் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும்.

லீவு நாள் இருக்கிறதே என்கிறீர்களா? அவளுக்கு ஞாயிறு. அவனுக்குச் செவ்வாய்.

சனி ராத்திரி வேலைக்குப் போனவன் ஞாயிறு காலை வந்து படுப்பான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. பாத்திரம் உருட்டினால் அவன் தூக்கம் கெட்டுவிடும் என்று, பேச்சி கதவை வெளியே சாத்திவிட்டுக் கீழே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஓ.டி. இல்லாத ஞாயிறெல்லாம் என் வீட்டில்தான். செவ்வாய் ராத்திரி இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் ராத்திரி முழுக்க முழித்தே பழகினவனுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? அவள் அயர்ந்து தூங்க, அவன் மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே பேச்சி சொன்னாள்.

“கல்யாணம் ஆனதுல இருந்து இவுககூட ஒரு எடத்துக்கும் போனதில்லக்கா. ஒரு நாளாவது, முழுசா ஒரு பகல் இவுககூட இருக்கணும். கடல் பக்கம் போவோமான்னு கேட்டேன். லீவு சேர்ந்து கிடைக்கட்டும்னு சொல்லுதாக.”

“கடல் பார்த்திருக்கியா நீ?”

“திருச்செந்தூர்ல மொட்டை போடும்போது பார்த்திருக்கேனாம். அழுத அழுகையில கடலே தெரியலயாம்!”

போதாதா எனக்கு? அன்றைக்கே மேப் வெளியே வந்துவிட்டது.

இரண்டு கம்பெனியும் ஒரே நாளில் லைனை நிறுத்துகிற நாள் எது என்று பார்த்தோம். ஆயுத பூஜை! கிழக்குக் கடற்கரைச் சாலையை இப்போது அகலமாக, வழவழவென்று போட்டிருக்கிறார்கள். முட்டுக்காட்டில் படகு. அப்புறம் முதலைப் பண்ணை. மாமல்லபுரத்தில் மர நிழலில் கட்டுச்சோறு. சாயந்திரம் ஆலம்பரைக் கோட்டையில் உப்பங்கழி, பறவைகள்... வரிசையாக வட்டம் போட்டேன். நாலு ஞாயிறு பேச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“நீங்களும் வரணும்க்கா” என்று பிடிவாதம் வேறு. “சின்னஞ்சிறுசுகள் போகுதுங்க, சிவபூஜையில கரடி மாதிரி நீ எதுக்கு?” என்றார் என் கணவர். வழி சொல்ல ஆள் வேண்டாமா என்று கேட்டேன். அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வண்டிக்குத் தாமுவைப் பிடித்தேன். மணிமங்கலத்துக்காரன். தினமும் பேச்சியின் கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன் அவனுடையதுதான். தெரிந்தவன், நிதானமானவன், வாடகையும் அடாவடியாகக் கேட்க மாட்டான். என் திட்டத்தில் ஓட்டை விழுந்தது இங்கேதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை. தாமு வேனுக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் வாழைக்கன்று எல்லாம் கட்டி, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிவிட்டு வந்து நின்றான். ராத்திரி முழுக்க மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, விடியற்காலை பூஜையை முடித்துவிட்டு முருகேசன் வந்தான். நெற்றியில் விபூதி, கையில் பொரிப் பொட்டலம். பேச்சி புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று ராத்திரி முழுக்க அடுப்படியில் இருந்திருக்கிறாள். ஆனாலும் முகத்தில் களைப்பே இல்லை. மாம்பழ மஞ்சளில் கல்யாணச் சேலை. பின் சீட்டில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். நான் முன்னால், மடியில் மேப்போடு.

“போலாமா?” என்றான் தாமு.

“போலாம்!” என்று மூன்று பேரும் கத்தினோம்.

வண்டலூர் வருவதற்குள் பின்னால் சத்தம் அடங்கியிருந்தது. ‘என்ன பேச்சி, மிருகக்காட்சிசாலை தெரியுதா?’ என்று கேட்கத் திரும்பினேன்...

பேச்சி ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முருகேசன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அதே வேன், அதே சீட். மாசக்கணக்காக அவள் இந்த வேனில் ஏறுவதே தூங்குவதற்குத்தான். அவனும் கம்பெனி பஸ்ஸில் அப்படித்தான். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இன்ஜின் சத்தம்தான் தாலாட்டு. இது தெரியாமல் நான் ஒரு மாசம் உட்கார்ந்து வட்டம் போட்டிருக்கிறேன் பாருங்கள்!

சரி, கொஞ்சம் தூங்கட்டும், முட்டுக்காட்டில் எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன். கேளம்பாக்கம் போனது. கோவளம் போனது. இடது பக்கம் திரும்பினான் தாமு. முட்டுக்காடு வந்தது. தண்ணீரில் கலர் கலராகப் படகுகள்... தாமு நிறுத்தவில்லை. பாலத்தைத் தாண்டி, வேகம் குறையாமல், ஒரு அரைவட்டம் அடித்து வந்த வழியே திருப்பினான்.

“தாமு! நிறுத்துப்பா!”

“ஷ்ஷ்... கத்தாதீங்கக்கா. நிறுத்துனா முழிச்சுக்குவாங்க.”

“முழிக்கத்தானே வேணும்? ஒரு மாசமா காத்துக்கிட்டிருக்குது அந்தப் பொண்ணு! இன்னிக்கு விட்டா அடுத்த ஆயுத பூஜைதான்.”

தாமு கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“டெய்லி காலைல ஒரகடம் கூட்ரோட்ல என் வேனும் அவரு வர்ற பஸ்ஸும் கிராஸ் ஆவும்க்கா. பஸ்ஸுல அவரு கம்பியில தலைய வெச்சு தூங்கினு இருப்பாரு. இங்க இந்தப் பொண்ணு தூங்கினு இருக்கும். ரெண்டு பேரும் இவ்ளோ கிட்ட வந்துட்டுப் போறது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாளு ஆரன் அடிச்சு எழுப்பலாமான்னுகூட தோணும். இன்னா பண்றது, பாவமா கீதுன்னு வுட்டுருவேன்.” முன்னால் போன லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான். “இன்னிக்கித்தான்க்கா ரெண்டு பேரும் ஒரே வண்டில தூங்கறாங்க. எழுப்பணும்னா நீங்களே எழுப்புங்க. எனக்கு மனசு வர்ல.”

நான் கையை நீட்டினேன். பேச்சியின் முழங்கால் தொடுகிற தூரத்தில்தான் இருந்தது. முருகேசனின் விரல்கள் அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தன. கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல? முதலைப் பண்ணை வந்தது, போனது. மாமல்லபுரத்து வளைவு வந்தது, போனது. நான் வட்டம் போட்ட ஊரெல்லாம் என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிவிட்டுப் போயின. எனக்கோ காபி குடிக்காமல் தலை வலிக்கிறது. கட்டுச்சோறு இருக்கிற கூடை பேச்சியின் காலடியில். எடுத்தால் எழுந்துவிடுவாள். டோல் கேட்டில் வரிசை நின்றது. வேன் நின்றால் எழுந்துவிடுவார்களே என்று தாமுவைப் பார்த்தேன்.

“இன்ஜினை ஆஃப் பண்ணாத்தான்க்கா முழிப்பாங்க. உறுமினு இருந்தா ஒண்ணியும் ஆவாது” என்று தைரியம் சொன்னான் தாமு. ரசீது கொடுத்தவர் சத்தமாக ஏதோ கேட்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயில் விரல் வைத்தோம். அவர் எட்டிப் பின்னால் பார்த்தார். பேசாமல் சில்லறையைக் கொடுத்துவிட்டார்.

கல்பாக்கம் தாண்டி, கடப்பாக்கமும் தாண்டிவிட்டோம். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம் ஆரம்பித்தது. எனக்குள் ஒரு சண்டை. தூங்கட்டும் என்று விட்டால் பகல் முழுக்கத் தூக்கத்திலேயே போய்விடும். ‘எங்கக்கா, கடல்?’ என்று அந்தப் பெண் வீட்டு வாசலில் இறங்கிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? எழுப்பினாலோ... தாமு முகத்தில் முழிக்க முடியாது.

“கடலுக்குக் கிட்டக்க எங்கயாவது போய் நிறுத்துப்பா” என்றேன். “நாம எழுப்ப வேணாம். முழிச்சா முழிக்கட்டும்.”

தாமு ஒரு சவுக்குத் தோப்புக்குள் வேனை விட்டான். மேப்பில் பெயர்கூட இல்லாத இடம். தோப்பு முடிகிற இடத்தில் மணல். மணலுக்கு அந்தப் பக்கம் கடல், ஒரு ஆள் இல்லை. இன்ஜினை நிறுத்தினான்.

நினைத்தது போலவே பேச்சி திடுக்கிட்டு முழித்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போய் ஐ.டி. கார்டைத் தேடியது. “கம்பெனி வந்துட்டா?” என்று எழுந்திருக்கப் பார்த்தாள். தோளில் முருகேசன் தலை அழுத்தியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“கடல் வந்துடுச்சு பேச்சி” என்று கிசுகிசுத்தேன். “அதோ பாரு. அவனை எழுப்பு.”

பேச்சி கடலைப் பார்த்தாள். ஒரே ஒரு நிமிஷம். பிறகு கழுத்தை ஒடித்துத் திருப்பி, தன் தோளில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒட்டியிருந்த விபூதி கண்ணில் விழாமல் சுண்டுவிரலால் துடைத்தாள்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா. இவுக அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்ல.”

அவள் சொன்னதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாமு ஏற்கெனவே இறங்கி, டயரில் இல்லாத காற்றுக்குறையை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் பக்கம் நடந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள். முருகேசனுக்கு ஒரே வெட்கம். “எழுப்பியிருக்கக் கூடாதாக்கா?” என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டான். பேச்சி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைக்கு ஓடினாள். கல்யாணச் சேலை முழங்கால்வரை நனைந்தது. புளியோதரையை மணலில் உட்கார்ந்து, நாலு பேரும் ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிட்டோம். நான் போட்ட வட்டங்களில் ஒன்றில்கூட நாங்கள் இறங்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முட்டுக்காடு எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் இதையெல்லாம் எங்கே தொடங்கிச் சொல்ல?

ஒன்று மட்டும் சொல்ல முடியும். புதுசாகக் கல்யாணமான ஷிஃப்ட்காரர்கள் யாராவது கடற்கரைப் பக்கம் போவதாக இருந்தால், தாமுவின் வேனைக் கேளுங்கள். இடம் எதுவும் காட்ட மாட்டான்... ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடுவான்.