திருப்பிப் போட்ட இடது கை

எங்கள் பெரிய டாக்டர் கோபம் வந்தால் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். நாட்டு வைத்தியரிடம் எலும்புக்குக் கட்டுப் போட்டுவிட்டு வரும் பெற்றோருக்கு இரண்டிலும் முழுசாகக் கிடைக்கும். அவரிடம் நான் த்ரீ-டி பிளானிங் பார்த்தேன். சிடி ஸ்கேனிலிருந்து குழந்தையின் எலும்பைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, எங்கே எவ்வளவு வெட்டுவது என்று கணக்குப் பண்ணி, வெட்டும் இடத்தை டாக்டருக்குக் காட்டும் பிளாஸ்டிக் கைடை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை.

ஜீவனஹள்ளி ரோஸியின் மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயது. வலது முழங்கை உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. ஸ்கூலில் கேலி தாங்காமல், பதில் தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டாளாம்.

இந்த மாதிரி கேஸில் நல்ல கையைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பி, கோணல் கையின் மேல் வைப்போம். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு திருத்தம். "இடது கைல முன்னாடி அடி ஏதாவது பட்டுதா?" என்று ரோஸியைக் கேட்டேன். "இல்ல சார்." ஃபாரத்தில் டிக் போட்டேன். டிக் போடுவதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டெல்லாவுக்குப் படம் காட்டினேன், கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான்.

"இது உன் இடது கை. வலதும் இதே மாதிரி ஆயிடும்."

"ஐயோ, வேணாம் அங்கிள்! இதுவும் ஒடஞ்ச கைதான். யூகேஜில கட்டு போட்டாங்க."

ரோஸி அவளைக் கிள்ளியதைப் பார்த்துவிட்டேன்.

"இன்னாம்மா இது?" என்று ரோஸியைக் கேட்டேன்.

"நாட்டு வைத்தியரு ஒருத்தரு எண்ணெ கட்டு போட்டாரு சார். சொன்னா டாக்டர் திட்டுவாரு. ஆபரேஷனே செய்ய மாட்டேன்னுட்டா நான் எங்க போவேன்?"

உடனே ஸ்கேனைத் திறந்தேன். அளந்து பார்த்தால் இடது கையும் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. எல்லாரும் வலது கையையே முறைத்துக்கொண்டிருந்ததில் யார் கண்ணிலும் படவில்லை. அந்த கைடோடு போயிருந்தால், பிள்ளையின் எலும்பை வெட்டிவிட்டு, கோணலையும் மிச்சம் வைத்து அனுப்பியிருப்போம். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன்.

"பொய் சொன்னாங்களா?" என்று டாக்டர் எழுந்தார்.

"நீங்க திட்டுவீங்கன்னுதான் சார் சொல்லல. நானும் அளக்கல."

அவர் திரும்ப உட்கார்ந்தார். தேதியைத் தள்ளி வைத்தார். அந்த வயதுக்கு இருக்க வேண்டிய கோணத்தை அவரே சொல்ல, புதிதாக பிளான் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து வந்த ஸ்டெல்லா, கேட்பதற்கு முன்பே வலது கையைத் தூக்கிக் காட்டினாள். நேராக நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏசி மேல் பழியைப் போட்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்தக் கையைக் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் அதை நல்ல கை என்று நம்பிவிடும். நம்மைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் முதலில் அவர்கள் பயத்தைப் போக்குங்கள்.

டாக்டருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். "கட்டு போட்டதுக்கு இனிமே திட்ட மாட்டேம்மா" என்றார் அன்று ரோஸியிடம்.

ரோஸி ஓர் அடி முன்னால் வந்தார்.

"அப்டின்னா சார், சின்னவனுக்குக் கால்ல அதே எண்ணெ கட்டு கீது. கூட்டினு வரட்டா?"

டாக்டர் கன்னடத்தில் ஏதோ ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"இன்னிக்கே கூட்டிட்டு வாம்மா."