கண்டக்டர் அண்ணனைப் பனிமலைக்குக் கூட்டிப்போன கதை

வியர்த்து ஊற்றிக்கொண்டே கம்பளிக் குல்லாய் வாடகைக்கு விடுகிற தொழில் என்னுடையது. செங்கல்பட்டு பஜாரில் அத்தாவின் சூட்கேஸ் கடையில் பாதியைத் தடுத்து, பனிமலை ஏறுவதற்கான ஜாக்கெட், பூட்ஸ், தூங்கும் பை எல்லாம் அடுக்கியிருக்கிறேன். குளிர்காலத்தில் ஒரு குழுவை நானே வடக்கே அழைத்துப் போவேன். "இதைச் செய்யாதீர்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, அவர் அதைத்தான் செய்யப்போகிறார் என்று தெரிந்தும் பல்லிளித்து நிற்கும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும்.

பனியன் இல்லாமலா?

போன சீசனில் வந்தவர் தனசேகர் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூடவே மனைவி வசந்தா அக்கா, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பவர். உச்சியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், இனி எடுக்காமல் திரும்ப முடியாது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இவரைப் பார்த்துக்கொள்ளத்தான் வருவதாகச் சொன்னார்.

நான் எல்லோரிடமும் ஓதும் பாடம் ஒன்றுதான்: மலைமேல் பருத்தித் துணி கூடாது. நம்மூர் வெயிலுக்கு அதைப்போல் சுகம் கிடையாது. ஆனால் மலையேறும்போது வருகிற வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். குளிர்காற்று அடித்ததும் உடம்புச் சூடு இறங்கி, ஆளே போய்ச் சேரலாம். சீக்கிரம் காய்கிற நைலான் உள்ளாடையை எடுத்து நீட்டினேன். அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"பாய், ரிட்டயர்டு ஆன அன்னிக்குக்கூட பனியன் போட்டுகினுதான் மாலைய வாங்கினேன். அத்த வுட்டுட்டு வான்னா, வேட்டிய வுட்டுட்டு வான்ற மாதிரி கீது!"

ஐஸ் ஃபேக்டரியில் ஒத்திகை

செங்கல்பட்டில் குளிருக்கு எங்கே போவது? மாமல்லபுரம் பக்கம் நண்பர் ஒருவருக்கு ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது. கடலுக்குப் போகும் படகுகளுக்கு அங்கிருந்துதான் ஐஸ். என் வாடிக்கையாளர்களை அந்தக் குளிர் அறைக்குள் விட்டுத்தான் ஜாக்கெட்டையும் தூங்கும் பையையும் சோதிப்பேன்.

அண்ணன் ஜாக்கெட், கையுறை, குரங்குக் குல்லாய் சகிதம் தூங்கும் பைக்குள் நுழைந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு, ஐஸ் பாளங்களுக்கு நடுவே நீட்டிப் படுத்தார். அந்த நேரம் பார்த்து ஐஸ் ஏற்ற வந்தார் ஒரு மீனவர். மடித்துக் கட்டிய லுங்கி, மேலே சட்டைகூட இல்லை. குனிந்து அண்ணனின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, வவ்வாலு, வஞ்சிரம் மீனெல்லாம் வெக்கிற எடத்துல நீ வந்து படுத்துகினுகீற?"

திருக்கழுக்குன்றத்தில் மூட்டை

பயிற்சிக்குத் திருக்கழுக்குன்றத்து மலைப்படிகள்தான். முதுகுப்பையில் நல்ல கனம் ஏற்றிக்கொண்டு ஏறச் சொல்லியிருந்தேன். அக்கா பை நிறைய அரிசியைக் கட்டிக்கொண்டு ஒரே சீராக ஏறினார். அண்ணனின் பை அதைவிடப் பெரிது. ஆனால் துள்ளித் துள்ளி ஏறினார். சந்தேகத்தில் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டு தலையணை.

அரிசியைப் பாதி மாற்றி அவர் பையில் போட்டேன். அதன்பிறகு படிக்குப் படி உட்கார்ந்தார். சாமி கும்பிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பையையும் அவரையும் பார்த்துப் பரிதாபப்பட்டு நின்றுவிட்டார்.

"இம்மாம் பெரிய மூட்டையோட குந்திகினுகீறியே, வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்களா நைனா?"

பேச்சு நின்றது

வடக்கே போக ரயிலில் ஏறியதிலிருந்து அண்ணன் பேசிக்கொண்டேதான் வந்தார். பனியில் எங்களில் யாராவது உட்கார்ந்தால், "ரைட், போலாம்!" என்று குரல் கொடுப்பார். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காற்று பலமாக அடித்தபோது, அக்கா என்னருகே வந்தார். "பாய், இவரு கொஞ்ச நேரமா பேசல." மூச்சு வாங்கியிருக்கும் என்றேன். "கட்டிகினதுலேருந்து இந்தாளு வாய மூடி நான் பாத்ததில்ல. இன்னாமோ ஆய்ட்டுகீது."

திரும்பிப் பார்த்தேன். ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் அண்ணனின் கை நடுங்கியது. எந்த டிப்போவில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், நாக்குக் குழறியது. பாறை மறைவுக்கு இழுத்துப்போய் ஜாக்கெட்டைத் திறந்தோம். உள்ளே நான் கொடுத்த உள்ளாடை. அதற்கும் உள்ளே, தொப்பலாக நனைந்த வெள்ளைப் பனியன். கழற்றி எறிந்து, காய்ந்த துணி போட்டு, தூங்கும் பைக்குள் திணித்து, பிளாஸ்கைத் திறந்தோம். அக்கா அந்தப் பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"தொவச்சி தொவச்சி என் கை போனது போதாதுன்னு, இப்ப ஆளையே கொண்டுபோவப் பாத்துச்சே பாய், இந்தப் பாழாப்போன பனியன்!"

டீயில் குறை

இரண்டாவது டம்ளர் டீ உள்ளே போனதும் நடுக்கம் குறைந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து, "சக்கர கம்மி" என்றார். ஒரு வாடிக்கையாளரின் புகாரைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இனி அவர் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் அவரை இறக்குவது, மற்றவர்கள் இன்னொரு வழிகாட்டியோடு ஏறுவது என்று முடிவானது. அக்கா எங்களோடுதான் வருவார் என்று நினைத்து அவர் பையைத் தூக்கினேன். அதை என் கையிலிருந்து வாங்கி, அவரே முதுகில் மாட்டிக்கொண்டார்.

"கொற சொல்ல ஆரம்பிச்சிட்டாருல்ல, தேறிட்டாரு. நீங்க பத்தரமா எறக்கிகினு போங்க, நான் மேல போய்ட்டு வந்துர்றேன்."

பிளாட்பாரத்தில்

செங்கல்பட்டு ஸ்டேஷனில் பாதித் தெரு வந்து நின்றது. அண்ணன் இறங்கியதும் செல்போனை நீட்டி எல்லோருக்கும் போட்டோ காட்டினார். உச்சியில் வசந்தா அக்கா, காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிப் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு, "நீ எங்கப்பா?" என்றார். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"நம்ம டிக்கெட்டு கீழ் ஸ்டாப் வரிக்குந்தாம்பா, அவதான் கடைசி ஸ்டாப் வரிக்கும் போனா!"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: புருஷனை மலையிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும், பெண்டாட்டியை உச்சிக்கு ஏற்றப் புருஷனை இறக்கினாலே போதும்.