சுருளியம்மாள் பங்கு

வீரபாண்டி கம்பத்துக்காரன். இருபது வயதில் மலையேறி வந்து, தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவன், அப்படியே தங்கிவிட்டான். பேச்சு குறைவு. பத்துக் கேள்விக்கு ஒரு "ம்" கொடுப்பான், அதையும் யோசித்துத்தான் கொடுப்பான். அவனுக்கும் சேர்த்துப் பேசியவள் அவன் பெண்டாட்டி சுருளியம்மாள். அவள் கொழுந்துக் காட்டில் சிரித்தால் பட்டறைக்குக் கேட்கும் என்பார்கள். பிள்ளைகுட்டி இல்லை. அதில் அவர்கள் இரண்டு பேருக்கும் வருத்தம் இருந்ததோ என்னவோ, எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் பட்ட அளவுக்கு நிச்சயம் இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷத்து ஆடி மழையில், கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து மேட்டுப் பாதையில் ஏறியவள், பாறை வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தாள். தூக்கும்போது உயிர் இல்லை. வீரபாண்டி அப்போது பட்டறையில் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். சேதி வந்த பிறகும், கையிலிருந்த நட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அதற்கப்புறம் அந்த ஏற்றத்தில் மூட்டை சுமக்க மாட்டோம் என்று பெண்கள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். ஜீப் போகிற அகலம் அந்தப் பாதைக்குக் கிடையாது. மேனேஜர் துரை ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், காடு மேடு பாராமல் ஏறும் குட்டி வண்டி ஒன்றின் படத்தைப் பார்த்திருந்தார். அதைப் பார்த்து எஸ்டேட் பட்டறையிலேயே ஒன்றைச் செய்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், மூன்று பருத்த டயர், மூட்டை வைக்கப் பின்னால் ஒரு தட்டு, எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஒரு செயின். குந்தி உட்கார்ந்த மாதிரி இருந்ததால் பெண்கள் அதைத் தவளை என்றார்கள். ஓட்டப் போட்ட ஆள் பிச்சைமணி, நாலு பிள்ளைக்குத் தகப்பன், பேய் பிசாசு என்றால் வேட்டி நனைந்துவிடும்.

தவளை எல்லா மேட்டிலும் ஏறியது. பாறை வளைவில் மட்டும் செயின் கழன்று விழுந்தது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரத்தில் பாதி நாள் இதே கூத்து. சுருளியம்மாளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளிய சாந்தம்மாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

"அவ தலைச் சொமைய எறக்காமலேயே போய்ச் சேந்தவ. அவ பங்க அவகிட்ட எறக்கி வைங்க. விட்டுருவா."

ஒரு மூட்டையை இறக்கிப் பாறையடியில் வைத்தார்கள். வண்டி ஏறிவிட்டது. அடுத்த தடவையும் அப்படியே நடந்தது. அவ்வளவுதான், வழக்கமாகிவிட்டது. செயின் விழுந்தால் பட்டறைக்கு ஆள் ஓடும். வீரபாண்டி வந்து மாட்டுவான். சுருளியம்மாள் பங்கு என்று ஒரு மூட்டை இறங்கும். வண்டி ஏறும், மறு நடையில் வந்து அந்த மூட்டையை எடுத்துக்கொள்ளும். தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டக்டர்கூடக் கேள்வி கேட்கவில்லை. அவரும் அந்த வழியாகத்தானே போய்வர வேண்டும்.

பாரம் குறைந்தால் இழுவை குறையும், இழுவை குறைந்தால் செயின் கழலாமல் நிற்கும். இது பட்டறைக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டாம் தடவை மாட்டும்போதே வீரபாண்டி பார்த்துவிட்டான். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளின் ஓட்டை தேய்ந்து நீண்டு போயிருந்தது. முழுப் பாரத்தோடு செங்குத்தில் ஏறும்போது எஞ்சின் பின்பக்கமாக நகரும். செயின் தொய்ந்து பல்சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். அந்தப் பாதையிலேயே பெரிய செங்குத்து பாறை வளைவுதான். சுருளி வழுக்கியதும் அந்தச் செங்குத்தால்தான்.

தெரிந்தும் அவன் அந்த ஓட்டையைத் தொடவில்லை. செயினை மட்டும் மாட்டிவிட்டு வந்தான். வண்டி நின்றால்தான் அவனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால்தான் அங்கே போய் மண்டியிட்டு உட்கார முடியும். வேலை இல்லாமல் போய் உட்கார்ந்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று லயம் முழுக்கப் பேசுவார்கள். மஞ்சு இறங்கி, நாலடி தள்ளி நிற்கிற பிச்சைமணி மறைந்துபோகும் நேரத்தில், அவன் முதுகுக்குப் பின்னால் படங்கு உரசும் சத்தம் கேட்கும். கொழுந்துப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற முரட்டுச் சாக்குத் துணி. அந்த நடை அவனுக்குத் தெரிந்த நடை. திரும்பமாட்டான், திரும்பினால் போய்விடுவாள். பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் மறுநாள் பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆள் வருகிறானா என்று காது வாசலிலேயே கிடக்கும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. துரைக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு தடவை செயின் விழுந்தால் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெண்கள் பழையபடி தலையில் சுமக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சாந்தம்மாள் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, திரும்ப எங்க தலையில ஏத்தப் போறாகளாமே."

"ம்."

"எம் மருமக குருவம்மா முழுகாம இருக்கா. அவளும்தான் செமக்கணும்."

வீரபாண்டி கையிலிருந்த அரத்தைத் துடைத்தான்.

"சுருளி நீங்க சொன்னாக் கேப்பாண்ணே. போதும் விட்டுரு தாயின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அது சுருளி இல்லை, வெறும் ஓட்டை என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இத்தனை நாள் ஏன் அடைக்கவில்லை என்று கேட்பாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இன்னொருத்தி மூட்டையோடு அந்தப் பாறையில் கால் வைப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சொல்றேம்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பட்டறையைத் திறந்தான். எஞ்சினை இறக்கி, தேய்ந்த ஓட்டைகளின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்து, புதிதாக ஓட்டை போட்டான். இரண்டு பல்சக்கரங்களும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தான். செயினை மாட்டி, விரலால் அழுத்தித் தொய்வு பார்த்தான். ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் "கோவிச்சுக்காத புள்ள" என்றான்.

மறுநாள் முழுப் பாரம். மூட்டைகளுக்கு மேல் அவனும் ஏறி உட்கார்ந்துகொண்டான். வளைவு வருவதற்கு முன்னாலேயே பிச்சைமணி வண்டியை மெதுவாக்கினான்.

"அண்ணே, எதுக்கும் பங்கு மூட்டைய எறக்கிருவமா?"

"வேணாம். ஓட்டு."

வண்டி உறுமிக்கொண்டு செங்குத்தில் மூக்கைத் தூக்கியது. செயின் இழுபட்டு முனகியது. விழக் கூடாது என்று தன் கையாலேயே மாட்டிய செயினைப் பார்த்து, விழு, ஒரே ஒரு தடவை விழுந்துவிடு என்று அவன் மனசு கெஞ்சியது. அது விழவில்லை. தவளை பாறையைத் தாண்டி மேலே வந்து நின்றது. மேலே பெண்களோடு காத்திருந்த சாந்தம்மாள் பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டு அழுதாள். சுருளி கேட்டுக்கொண்டாள் என்று பெண்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். வீரபாண்டி அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். பாறை இருந்தது, அதன் மேல் மஞ்சு இருந்தது.

அப்புறம் யாரும் அவனை அங்கே கூப்பிடவில்லை. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று அவனாகவே போய் உட்கார்ந்தான். பல நாள் போனான். காது வலிக்கக் கவனித்தும் ஒரு சத்தமும் இல்லை. வண்டி மட்டும் மூட்டைகளோடு நிற்காமல் அவனைத் தாண்டிப் போனது.

ஒரு நாள் குருவம்மாள் நிறைமாத வயிற்றோடு, கையை வீசிக்கொண்டு அந்த வழியாக ஏறி வந்தாள். மூச்சு வாங்க நின்று அவனைப் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா, தனியா உக்காந்திருக்கீக?"

"ஆமா தாயி" என்றான் வீரபாண்டி. "தனியாத்தான் இருக்கேன்."