ஆயிரம் பேர் இருக்கும் பாட்டில்

நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஜெர்மனி ஆஸ்பத்திரியில், நோயாளி ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினால் எல்லாரும் "அவுஃப் வீடர்ஸேன்" என்பார்கள். மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு மறுபடி பார்ப்போம் என்பதா? ஏழு வருடம் ஆகியும் எனக்கு அந்த வார்த்தை வாயில் வர மறுத்தது. நான் பிறந்தது அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பரளச்சி. எங்கள் பக்கம் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்லிவிடக் கூடாது, "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. ஆகவே நோயாளிகள் கிளம்பும்போதெல்லாம் நான் ஊசி டப்பாவை அடுக்குவதுபோல் திரும்பிக்கொள்வேன். இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும், பழகத்தான் தெரியாது என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

லிண்ட்னர் என்று ஒரு பெரியவர். பழைய தச்சர், நல்ல உயரம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை காலையில் வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார், நான் அவர் கையில் ஊசி போட்டு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவேன். அவர் உடம்பு ஆன்டிபாடிகளைப் போதுமான அளவு செய்வதில்லை. கிருமி வந்தால் எதிர்க்க ஆள் கிடையாது. இந்த மருந்து ஏற ஆரம்பித்த பிறகுதான் வருடத்துக்கு மூன்று நிமோனியா என்ற கணக்கு நின்றதாம். ஒருநாள் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், "சிஸ்டர் செல்வி, என்மேல் ஏதும் கோபமா? நீங்கள் ஒருமுறைகூட எனக்கு அவுஃப் வீடர்ஸேன் சொன்னதில்லை." நான் அவசரத்தில், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "கோபமெல்லாம் இல்லை. உங்களை மறுபடி பார்க்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்." பித்தானில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. ஊர் வழக்கத்தைத் தப்பும் தவறுமாக விளக்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "நான் வந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்."

அவருக்கு ஏற்றும் அந்தத் தெளிந்த நீரைச் சாதாரண மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. மருந்து என்றால் எங்கோ ஒரு தொழிற்சாலையில் உண்டாக்குவார்கள். இதை மனுஷ உடம்பால்தான் உண்டாக்க முடியும். ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கையை நீட்டிப் படுத்து, ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நீரான பிளாஸ்மாவைக் கொடுக்கிறார்கள். அத்தனையையும் ஒன்றாகக் கலந்து, சோதித்து, கிருமி நீக்கி, அதிலிருந்து ஆன்டிபாடியை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். ஒருவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கும், இன்னொருவர் எப்போதோ தடுப்பூசி போட்டிருப்பார், வேறொருவர் பெயர் தெரியாத காய்ச்சலில் படுத்து எழுந்திருப்பார். அவரவர் உடம்பு பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிறது. இதையெல்லாம் நான் பாடமாகப் படித்திருக்கிறேன், தினமும் கையில் எடுத்திருக்கிறேன். ஆனால் அது என்னவென்று எனக்கு உறைத்தது என் அண்ணனுக்கு அது ஏறியபோதுதான்.

அண்ணன் பாண்டி, பந்தல்குடியில் மினி லாரி ஓட்டுகிறான். தூத்துக்குடிக்கும் அருப்புக்கோட்டைக்குமாக லோடு அடித்தே என்னை நர்ஸிங் படிக்க வைத்தவன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து தேறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாசலுக்குப் போக எழுந்தவன் செருப்பை விட்டுவிட்டு நடந்தான். திரும்பி வந்து மாட்டினான், மறுபடியும் கழன்றது. கழன்றதே அவனுக்குத் தெரியவில்லை.

"செருப்பு நிக்க மாட்டேங்குதுத்தா. நேத்து கிளச்சும் மிதிபடல. ரெண்டு காலும் மதமதன்னு கெடக்கு," என்றான் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குதிகாலில் நிற்கச் சொன்னேன், முடியவில்லை. கையை இறுக்கி மூடச் சொன்னேன், விரல்கள் பாதியில் நின்றன. கீழிருந்து மேலே ஏறுகிறது. இதற்கு கியான்-பாரே என்று பெயர், ஏறி ஏறி நெஞ்சுக்கு வந்தால் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். "இப்பவே கெளம்பி மதுரைக்குப் போங்க, நாளைக்குன்னு வைக்காதீக" என்று அம்மாவிடம் கத்தினேன். கார் வைத்திருப்பவர் தெருவில் ஒரே ஆள், பெரியப்பா மகன் சுந்தரம். பங்காளி வீடு. பொதுப் பாதையில் வேலி போட்ட விஷயத்தில் நான்கு வருடமாக அண்ணனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா போய் அவர் வாசலில் நின்றாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அண்ணனைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்து வண்டியை எடுத்துவிட்டார்.

இரண்டு விமானம் மாறி நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது இம்யூனோகுளோபுலின் ஏற ஆரம்பித்து மூன்றாம் நாள். ஐந்து நாள், நாளுக்கு ஐந்து பாட்டில். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: பாண்டி உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. ஆகவே நாட்டுக்கோழிச் சூப்பு, நிலவேம்புக் கசாயம், ஆளுக்கொரு தூக்குவாளி. நான் போனபோது அம்மா அடுத்து ஏற்ற வேண்டிய பாட்டிலை எடுத்து, இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் நன்றாகக் குலுக்கிக்கொண்டிருந்தாள். "அடியில தங்கிருக்குமோன்னு பாத்தேந்தா" என்றாள். குலுக்கினால் நுரைத்துக் கெட்டுப்போகும், அதிலும் இது கிடைப்பதே அரிது என்று நான் பிடுங்கி மேசையில் வைத்தேன். வந்த இடத்தில் அம்மாவிடம் முதலில் பேசியது அதைத்தான்.

பிறகு உட்கார்ந்து விளக்கினேன். "எதிர்ப்புச் சக்தி இல்லாம இல்லம்மா. இருக்கது ஆளு மாறிப் போச்சு. வயித்துக்கு வந்த கிருமிய அடிக்கக் கெளம்புனது, கிருமி செத்த பெறகும் அடங்காம, அதே சாயல்ல இருக்க நரம்பு ஒறையப் போட்டு அடிக்குது. கரண்டு ஒயருக்கு மேல ரப்பர் உரிஞ்சா கரண்டு போகுமா? அதான் காலு கேக்க மாட்டேங்குது. இது வெளியாளு சண்டை இல்ல. பங்காளிச் சண்டை. ஒரே ரத்தம், ஆளத் தெரியாம அடிச்சுக்குது."

சொல்லி முடித்துத் திரும்பினால் கதவோரம் சுந்தரம் அண்ணன். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருப்புத் தீர்ந்துவிட்டதால், மறுநாளுக்கான பாட்டில்களை வேறு கடையில் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து, ஆட்டோவில் வழியெல்லாம் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தார்.

"அப்ப இந்த மருந்து உள்ள போயி என்னத்தா செய்யும்?"

"ஊரே தெரண்டு வந்து நடுவுல நிக்கும்ணே."

"நின்னா சரித்தான்," என்றார்.

நான் சொன்னதில் பெரிய பிழையில்லை என்று மறுநாள் டாக்டர் பேசும்போது நினைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து இவ்வளவு ஆன்டிபாடி மொத்தமாக இறங்கும்போது, நரம்பைத் தாக்குகிற கெட்ட ஆன்டிபாடிகளைச் சில பிடித்து அமுக்கிவிடுகின்றன. தாக்கும் செல்கள் பற்றிக்கொள்ளும் இடங்களையெல்லாம் வேறு சில போய் அடைத்துக்கொள்கின்றன. கூட்டம் அதிகமானதால் உடம்பும் பழைய சரக்கை வேகமாகக் கழிக்கிறது, கழிவதில் கெட்டதும் சேர்ந்து போகிறது. "முழுக்க எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கே தெரியாது" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு ஆச்சரியம் வேறு. லிண்ட்னருக்கு இல்லாததைக் கொடுக்கும் அதே பாட்டில், அளவு கூடும்போது அண்ணனுக்கு அளவு மீறி ஆடுவதை அடக்குகிறது.

ஆனால் அது உடனே நடப்பதில்லை. அதுதான் கொடுமை. தினம் காலையில் டாக்டர் அண்ணனை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். சேர்த்த அன்று இருபத்திரண்டு வரை போனவன், நான் வந்த அன்று பதினேழில் நின்றான். நான்காம் நாள் பதினைந்து. பத்துக்குக் கீழே போனால் குழாய் வைத்து மெஷினில்தான் மூச்சு. எத்தனையோ பேருக்கு அந்த மெஷினை நான் இணைத்திருக்கிறேன். அந்தக் காலைகளில் அவனோடு சேர்ந்து மனசுக்குள் எண்ணத்தான் முடிந்தது. வராந்தாவில் சுந்தரம் அண்ணனின் உதடுகளும் கூடவே எண்ணின. ஐந்தாம் நாள் பதினைந்து. ஆறாம் நாள், கடைசிப் பாட்டிலும் முடிந்த பிறகு, மறுபடி பதினைந்து. டாக்டர் சிரித்தார். ஏறவில்லை, ஆனால் இறங்கவில்லை. ஏழாம் நாள் பதினெட்டு. எண்ணி முடித்து இளைத்தவன், கதவுப் பக்கம் பார்த்து, "ஏலே, சாப்பிட்டயா?" என்றான். நான்கு வருடத்துக்குப் பின் வந்த பேச்சு அவ்வளவுதான். "இனிமேத்தான்" என்றார் சுந்தரம் அண்ணன்.

நரம்பின் உறை திரும்ப வளர மாதங்கள் ஆகும். எனக்கோ விடுப்பு முடிந்துவிட்டது. கட்டிலோடு கட்டிலாக அவனை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பையை எடுத்ததும் அம்மா என் முதுகில் கை வைத்து, "ஒண்ணும் சொல்லாமப் போத்தா" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல், அடுத்த கட்டில் ஆளின் டிரிப்ஸைச் சரி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். மதுரை விமான நிலையம்வரை அழுதேன். திரும்பி வந்து முதல் வேலை நாளில் லிண்ட்னர் கோட்டை மாட்டியபோது, அவர் கேட்காமலே "அவுஃப் வீடர்ஸேன்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தாழ்த்தினார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் கம்பைப் பிடித்து நின்றான். அம்மா திருச்சுழி கோயிலுக்குப் போனாள், அர்ச்சனை செய்ய. ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டிருக்கிறார். "பேரு தெரியாது சாமி, நெறயப் பேரு. எம் மகனுக்கு ரத்தத்துல இருந்து மருந்து குடுத்தவுக" என்றிருக்கிறாள். அவர், பேர் தெரியாவிட்டால் சாமி பேருக்கே செய்துவிடலாம் என்றாராம். அம்மாவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. "அந்தப் பாட்டில்லயாச்சும் எழுதிப் போடக்கூடாதா? எந்த ஊருக்காரவுகளோ, நம்மளத் தெரியுமா அவுகளுக்கு?" என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாள்.

அம்மா குறை சொன்னது எனக்குள் கிடந்து உறுத்தியது. இங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே பிளாஸ்மா கொடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. ஏழு வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், உள்ளே போனதில்லை. போனேன். இந்தியாவுக்குப் போய் வந்தவள் என்றதும் சில மாதம் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்து, மறுபடி போய், பக்கம் பக்கமாகக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, போன வாரம் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். மெஷின் என் ரத்தத்தை வாங்கி, மஞ்சள் நீரைப் பிரித்துக்கொண்டு, சிவப்பைத் திருப்பித் தந்தது. இத்தனை பேருக்கு ஊசி போட்ட எனக்கு, என் கையில் குத்தும்போது கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது.

பாதியில் அண்ணன் வீடியோவில் வந்தான். பந்தல்குடியில் ஒரு டீக்கடை வாசலில் லாரி சீட்டில் உட்கார்ந்திருந்தான். மறுபடி ஓட்ட ஆரம்பித்து அன்றோடு ஒரு வாரம். விஷயத்தைச் சொல்லி, மஞ்சள் நீர் சேர்ந்துகொண்டிருந்த பையைக் காட்டினேன். உற்றுப் பார்த்தான்.

"இது யாருக்குத்தா போகும்?"

"தெரியாதுண்ணே. ஆயிரக்கணக்கான பேரோடதுல கலந்துரும். எந்த நாட்டுக்கு வேணா போகும்."

"அப்ப இங்கிட்டும் வருமோ?"

"வரலாம்."

ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு சொன்னான், "நீ வர ரெண்டு வருசம் ஆகும்னு அம்மா சொல்லுச்சு. அதாச்சும் முந்தி வரட்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையில் போன், போனில் அண்ணன். துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல் அப்படியே படுத்திருந்தேன்.