முன்சக்கரத்தில் கரகரப்பு

ராஜபாளையத்தைத் தாண்டியதும் காரின் முன்சக்கரத்தில் கரகரவென்று சத்தம் கேட்கிறது. வண்டியை நிறுத்திய டிரைவர், "அச்சு போச்சு" என்று தலையில் கை வைக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோவிலில் இன்னும் ஒரு மணி நேரத்தில் முகூர்த்தம். தாலிப் பெட்டியோ என் மடியில்.

பின்னால் பஞ்சுப் பொதியோடு வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கிப் பார்க்கிறார்.

"அச்சு போனா வண்டி சாயும்லா. இது நேரா நிக்கி. உள்ள என்னமோ உரசுதுய்யா."

மட்கார்டுக்குள் கையை விட்டுச் சிரட்டைத் துண்டு ஒன்றை உருவுகிறார்.

"பொறப்படும்போது சக்கரத்துல தேங்கா உடைச்சது யாரு?"

டிரைவர் என்னைப் பார்க்கிறார். நான் தாலிப் பெட்டியைப் பார்க்கிறேன். வண்டிக்காரர் சிரட்டையைத் தூர எறிகிறார்.

"திரும்புறப்போ எலுமிச்சம்பழம் போதும் சாமி. நசுங்கினாலும் சத்தம் போடாது."

கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. மடவார் வளாகம் நெருங்க, மேளம்தான் கேட்கிறது.