சிரட்டையில் துப்பு, சீக்கைச் சொல்கிறேன்

ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸ்ஸர், அதாவது காயம் கட்டி மருந்து கொடுப்பவன். மருந்து அலமாரியில் மிஞ்சியது அயோடினும் கரப்பான்பூச்சியும்தான். மைக்ரோஸ்கோப்பை ராணுவம் தூக்கிப் போயிருந்தது. இருமலோடு வருபவரிடம் தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்து, "துப்புலா, பாப்போம்" என்பேன். சளி வெள்ளையென்றால் சாதாரணம், மஞ்சளென்றால் முற்றியது, சிவப்பென்றால் காசநோய். படிப்பு அவ்வளவுதான், பேச்சு மட்டும் பெரிய டாக்டர் பேச்சு.

தோட்டத்தில் பாதிப் பேர் வெற்றிலை போடுகிறவர்கள். அதனால் முகர்ந்தும் பார்ப்பேன். வெற்றிலைச் சாறு என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு மிதப்பு.

ஒரு காலை சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான் அதிகாரி வந்தான். முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. பால்மரம் வெட்டும் வீரையா வரிசையில் நின்று இருமி, நான் நீட்டிய சிரட்டையில் சிவப்பாகத் துப்பினான். அதிகாரி மூக்கைப் பொத்திப் பின்வாங்கினான்.

அவனுடைய மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கேட்டார். "என்னா சீக்குன்னு சொல்லுங்க. பொய்யின்னா உங்க தலை போயிடும்லா."

முகர்ந்தேன். கும்மென்று வெற்றிலை வாசம்.

"அவருக்கு ரொம்ப நாளா இருமல் இருக்கு ஐயா" என்று அழுதாள் அவன் மனைவி அஞ்சலை. நிறைமாதம். என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "காசநோய், ஒட்டிக்கும்" என்றேன்.

வீரையாவை விட்டுவிட்டார்கள். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற லயத்துக்கு வெளியே குடிசை போட்டு அவனைத் தனியே படுக்க வைத்தேன். அஞ்சலை முட்டையும் கீரையும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

"வீட்டுக்குப் போறேன் ஐயா, யாரும் பாக்கல" என்பான்.

"சும்மா கெடப்பா, மாட்டுனா ரெண்டு பேருக்கும் சங்குதான்."

சண்டை முடிந்தபின் ஈப்போவில் அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பழைய டீபி தழும்பு டிரஸ்ஸர், ஆறிப்போச்சு. தனியா வச்சு ஓய்வு கொடுத்தது நல்லதாப் போச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அப்படியானால் அது நிஜமாகவே காசநோய்! லயத்திலேயே விட்டிருந்தால் எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கும்? அஞ்சலையின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

"அனுபவம்தான்" என்றேன்.

அஞ்சலை சொன்னாள்: "நான் அன்னைக்கே சொன்னேனே ஐயா."

இளைய டிரஸ்ஸர்களே, சளியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அது இல்லையென்றால் எத்தனை நாளாக இருமல் என்றாவது கேளுங்கள். அந்தத் தோட்டத்தில் நான் சரியாகச் சொன்ன ஒரே காசநோய், பொய்யென்று நினைத்துச் சொன்னதுதான்.