அக்கா எழுதிய நானூறு வாசகங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். தனியார் கிளினிக்குகளுக்கான பதிவு மென்பொருள். திரையில் வரும் வாசகங்களை நிரலிலிருந்து பிரித்து, மொழிக்கு ஒரு கோப்பாக வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். மலாய், ஆங்கிலம், சீனத்துக்கு ஆள் இருந்தது. தமிழுக்கு அக்காவைக் கேட்டேன்.

அக்கா கெலுகோரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு, நீண்ட விடுப்பில் வீட்டில் இருந்தாள். நானூறு வாசகங்களை அச்செடுத்துக் கொடுத்தேன்.

“பட்டன்ல ‘சேமிக்கவும்’ அடங்கலக்கா. ‘சேமி’ன்னு வச்சிடட்டுமா?”

“பட்டனைப் பெருசாக்கு லா. கவுண்டர்ல இருக்கிற பிள்ளையை அதட்டுற மாதிரி இருக்கு.”

‘நோயாளி எண்’ என்பதை அடித்துவிட்டு ‘உங்கள் எண்’ என்று எழுதினாள். “அங்க உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும், தம்பி.”

‘உங்களுக்கு முன் 5 பேர்’ என்று வரவேண்டிய இடத்தில் எண் முன்னால் போய் நின்றது. மொழிக்கு மொழி எண் இடம் மாறும்படி அந்தப் பகுதியையே திருப்பி எழுதினேன்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். சில கணினிகளில் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது, எந்த கிளினிக்கும் தமிழ் கேட்கவில்லை, எடுத்துவிடு என்றார். நான் வாதாடவில்லை. மொழிப் பட்டியலிலிருந்து தமிழை நானே நீக்கினேன்.

மென்பொருள் வெளியானதும் அக்கா கேட்டாள். “எந்த கிளினிக்ல போட்டிருக்காங்க?”

“சிம்பாங் அம்பாட்ல ஒன்னுல,” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். தீவை விட்டுப் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் போகமாட்டாள் என்ற தைரியம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சொன்னது நல்லதுதான் என்றுகூட நினைத்தேன்.

மூன்று மாதத்தில் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று அக்காவின் கணவர் என்னைத் தனியே அழைத்தார்.

“ஒரு சனிக்கிழமை காடியில கூட்டிட்டுப் போகச் சொன்னா, தம்பி. சிம்பாங் அம்பாட்ல ஒவ்வொரு கிளினிக்கா ஏறி இறங்கினோம். மூனாவதுல உங்க சாப்ட்வேர் இருந்துச்சு. தமிழ் இல்ல. கேட்டதுக்கு, அப்படி ஒன்னு வரவே இல்லன்னாங்க.”

“அக்கா என்ன சொல்லுச்சு, மாமா?”

“வீட்டுக்கு வந்து, ‘தம்பிக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவான்’னா.”

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எத்தனையோ நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருக்கலாம். வெளியே வந்தேன். வாசலில் என் செருப்பு கண்ணெதிரே கிடந்தது. அதைத் தேடுவதுபோல வெகுநேரம் குனிந்தே நின்றேன்.